பேட்ஜில் கல்லூரிப் பெயர் இருக்காது

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. நியூ ஜெர்சி எடிசன் நகரில் உள்ள உங்கள் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய, இரண்டு வருடப் பட்டம் தரும் கம்யூனிட்டி காலேஜ் போதும் என்கிறாள். உங்கள் கணவரோ கடன் வாங்கியாவது தனியார் பல்கலைக்கழகத்தில் நாலு வருட பி.எஸ்.என்., அதாவது நர்சிங் இளங்கலைப் பட்டம், படிக்க வைக்கிறேன் என்கிறார். "ரெண்டு வருஷப் படிப்புக்கு என்ன சம்பளம் வரும்? நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது?" என்று அவர் கேட்டதையும் எழுதியிருந்தீர்கள். அந்த நாலு பேரை அப்புறம் பார்ப்போம். முதலில் சம்பளம்.

அமெரிக்காவில் ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) ஆவதற்கு எழுதவேண்டிய லைசென்ஸ் தேர்வு ஒன்றுதான், என்கிளெக்ஸ். கம்யூனிட்டி காலேஜில் ஏ.டி.என். என்ற இரண்டு வருட நர்சிங் பட்டம் முடித்தவரும் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.என். முடித்தவரும் அதையேதான் எழுதுகிறார்கள். கிடைப்பதும் ஒரே லைசென்ஸ். வார்டில் நோயாளிக்கு மருந்து கொடுக்கும்போது பேட்ஜில் ஆர்.என். என்றுதான் இருக்கும், எந்தக் கல்லூரி என்று இருக்காது. தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் மே 2024 கணக்கில் நாடு முழுக்க ஆர்.என்.களின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 93,600 டாலர். அதாவது பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் கீழ். நியூ ஜெர்சி சராசரி ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. புதிதாகச் சேருபவருக்கு அவ்வளவு வராது, அது வேறு. பி.எஸ்.என். இருந்தால் சில மருத்துவமனைகள் மணிக்கு ஓரிரு டாலர் கூட்டித் தருகின்றன. வித்தியாசம் அந்த அளவுதான்.

இனி கடன். கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தின் தேசிய சராசரி 2024-25 கல்வியாண்டில் வருடத்துக்கு 4,050 டாலர். நர்சிங்குக்கு லேப், யூனிஃபார்ம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து இன்னும் கூடும். "ரெண்டு வருஷப் படிப்பு" என்பதையும் அப்படியே நம்பவேண்டாம். அனாடமி, மைக்ரோபயாலஜி போன்ற பாடங்களை முடித்த பிறகே பல இடங்களில் நர்சிங் வகுப்பு தொடங்கும். ஆகவே மூன்று வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரை நம்பியிருக்கும் மாணவிக்கு மத்திய அரசு தரும் கடன் முதல் வருடம் அதிகபட்சம் 5,500 டாலர். அதற்குப் பிறகு, இரண்டு வருடப் பட்டத்தில் இருக்கும்வரை, வருடத்துக்கு 6,500. மூன்று வருடமும் முழுசாக வாங்கினாலும் 18,500தான். 2025-26இல் வட்டி 6.39 சதவீதம். அந்த வட்டியில் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 210 டாலர் ஆகும். நர்ஸ் சம்பளத்தில் இது பெரிய சுமை இல்லை.

உங்கள் கணவர் சொல்லும் பேரன்ட் பிளஸ் கடனையும், அதாவது மத்திய அரசு பெற்றோர் பெயரில் தரும் கடனையும், பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025-26இல் அதன் வட்டி 8.94 சதவீதம். 2026 ஜூலையிலிருந்து புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு 65,000 டாலர் என்று உச்சவரம்பு. அந்த வரம்பு வரை அந்த வட்டியில் வாங்கினால், பத்து வருடத்தில் அடைக்க மாதம் 820 டாலருக்கு மேல் கட்டவேண்டும். அதுவும் உங்கள் பெயரில். சட்டப்படி மகளுக்கு அதில் பொறுப்பே கிடையாது. ஓய்வுக்காலச் சேமிப்பில் கைவைக்கும் வயதில், கடைசியில் அதே லைசென்ஸுக்காக இதை ஏன் சுமக்கவேண்டும் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு கல்லூரியின் நர்சிங் படிப்புக்கும் தனியாக, முடித்தவர்களின் வருமானத்தையும் கடனையும் கல்வித்துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு இணையதளம் காட்டுகிறது. அவசியம் பாருங்கள். ஆனால் நிதானமாகப் பாருங்கள். மத்திய அரசின் உதவித்தொகையோ கடனோ வாங்கியவர்களின் வருமானம் மட்டுமே அதில் இருக்கும். கடன் எண்ணில் தனியார் வங்கிக் கடன் சேராது. பேரன்ட் பிளஸ் தனியாகக் காட்டப்படும். சில கம்யூனிட்டி காலேஜ்களின் வருமான எண் பல்கலைக்கழகத்தைவிட அதிகமாகத் தெரிந்தால் அதற்கும் காரணம் உண்டு. ஏ.டி.என். வகுப்பில் எல்.பி.என். ஆக, அதாவது ஆர்.என்.னுக்கு ஒரு படி கீழே உள்ள நர்ஸாக, ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள், முப்பது வயது தாண்டியவர்கள் நிறைய. அனுபவத்தோடு வருபவரின் சம்பளமும் பதினெட்டு வயதில் சேரும் உங்கள் மகளின் முதல் சம்பளமும் ஒன்றாக இருக்காது. கலிஃபோர்னியா கல்லூரியின் எண்ணை நியூ ஜெர்சியோடு ஒப்பிடுவதும் அப்படித்தான்.

உண்மையில் என் கவலை கடனைப் பற்றியது அல்ல. நர்சிங் வகுப்பில் இடம் கிடைப்பதே போட்டி. டி.இ.ஏ.எஸ். போன்ற நுழைவுத்தேர்வு, மதிப்பெண், சில இடங்களில் காத்திருப்புப் பட்டியல். உள்ளே போன பிறகும் ஒரு பாடத்தில் தவறினால் அடுத்த வருடம்வரை காத்திருக்க நேரலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண் மூன்றாவது செமஸ்டரில் நின்றுவிட்டாள். கடன் வெறும் 9,000 டாலர்தான், ஆனால் கையில் லைசென்ஸ் இல்லை, கடைக் கவுன்ட்டர் சம்பளத்தில் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதனால் கல்லூரியின் அறிமுகக் கூட்டத்துக்குப் போகும்போது இரண்டே கேள்வி கேளுங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடிக்கிறார்கள்? என்கிளெக்ஸை முதல் முறையிலேயே தேறுபவர்கள் எத்தனை சதவீதம்? இரண்டாவது எண் மாநில நர்சிங் போர்டிடமும் கிடைக்கும்.

"இடம் உறுதி, காத்திருக்கவே வேண்டாம்" என்று பெரிய தொகை கேட்கும் லாபநோக்குப் பள்ளிகளிடம் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. ஃபுளோரிடாவில் மூன்று பள்ளிகளின் பெயரில் 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் டிப்ளமோக்கள் விற்கப்பட்ட வழக்கு 2023இல் வெளிவந்ததே, நினைவிருக்கிறதா?

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய மருத்துவமனைகள், முக்கியமாக சிறந்த நர்சிங் சேவைக்கான மேக்னெட் அங்கீகாரம் உள்ளவை, பி.எஸ்.என். உள்ளவரையே முதலில் கூப்பிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் 2017 சட்டப்படி, புதிதாக வரும் ஆர்.என். பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடித்தாகவேண்டும். மகள் பின்னாளில் மேன்ஹாட்டனில் வேலை பார்க்க நினைத்தால் இது வந்து நிற்கும். ஆனால் அதை வேலையில் சேர்ந்த பிறகு ஆன்லைனிலேயே படிக்கலாம். பல மருத்துவமனைகள் அதற்குப் பணம் தருகின்றன, வருடத்துக்கு 5,250 டாலர்வரை வருமானவரியும் இல்லை. முதல் வேலை மருத்துவமனையில் கிடைக்காமல் முதியோர் இல்லத்தில் தொடங்க நேரலாம் என்பதை மட்டும் மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

உங்களுக்கு கிரீன் கார்டு வந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள், நல்லதாயிற்று. எச்4 விசாவில், அதாவது எச்1பி விசாக்காரரின் குடும்பத்துக்கான விசாவில், இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கடனும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. படித்து முடித்தாலும் வேலை அனுமதி இல்லாமல் நர்சாக வேலை பார்க்க முடியாது; 21 வயதில் அந்த விசாவும் போய்விடும். அந்த நிலையில் இருக்கும் பெற்றோருக்கு நான் சொல்வது வேறு மாதிரி இருக்கும்.

"ஐ.டி. சம்பளம் வாங்குகிறோம், நமக்கு எதுவும் வராது" என்று நம் வீடுகளில் பலர் மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தைத் தொடுவதே இல்லை. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான பெல் உதவித்தொகை உங்களுக்கு வராமல் போகலாம். ஆனால் மேலே சொன்ன, மகள் பெயரில் வாங்கும் மத்திய அரசுக் கடன் வருமானம் பார்க்காமலே கிடைக்கும், அதற்கும் ஃபாஃப்சா போட்டிருக்கவேண்டும். இந்த வாரமே உட்கார்ந்து போட்டுவிடுங்கள்.

அறிமுகக் கூட்டத்துக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போய்வந்த பிறகு அந்த இரண்டு எண்களையும் உங்கள் மகளே எனக்கு எழுதட்டும்.