எதில் தொண்ணூறு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபர்களின் செல்வாக்கு பற்றி வரும் கருத்துக்கணிப்புச் செய்திகளை விடாமல் படிக்கிறவன் நான். ஒரு நாள் 'செல்வாக்கு சரிந்தது, 41 சதவீதம்தான்' என்று வருகிறது. மறுநாளே 'சொந்தக் கட்சியில் 90 சதவீதம் பேர் அதிபர் பக்கம்' என்று வருகிறது. டெக்சாஸில் இருக்கும் என் அண்ணன் மகன் இரண்டாவதை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவான். கலிபோர்னியாவில் இருக்கும் என் மகள் முதலாவதை மட்டும். எதை நம்புவது? அப்படிப்பட்ட அதிபர் பலமாக இருக்கிறாரா, பலவீனமாக இருக்கிறாரா? பெயர் போட வேண்டாம், குடும்பத்தில் சண்டை வரும்.

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு பிள்ளைகளும் பொய் சொல்லவில்லை. ஒரே கணிப்பில் இருந்து ஆளுக்கொரு வரியைக் கிள்ளி எடுத்து அனுப்புகிறார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கணிப்பில் என்ன கேட்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். அதிபர் இன்னார் தன் வேலையைச் செய்யும் விதம் உங்களுக்கு ஏற்புடையதா, இல்லையா? இவ்வளவுதான் கேள்வி. ரூஸ்வெல்ட் காலத்தில், 1930களின் கடைசியில் கேலப் நிறுவனம் இதைக் கேட்கத் தொடங்கியது. பிடிக்குமா என்று இல்லை, ஓட்டுப் போடுவாயா என்றும் இல்லை. வேலை எப்படி என்று மட்டும்தான். அதிபர்கள் மாறினாலும் கேள்வி ஏறக்குறைய அப்படியே இருந்ததால், பழைய எண்களையும் புதிய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

பார்த்தால் என்ன தெரிகிறது? பழைய எண்கள் ராட்டினம் மாதிரி ஏறி இறங்கியிருக்கின்றன. ட்ரூமன் 1945இல் 87 சதவீதம், 1952இல் 22. மூத்த புஷ் வளைகுடாப் போர் முடிந்த கையோடு 89இல் நின்றார். அடுத்த ஆண்டு கோடையில் 29. அந்த நவம்பரில் கிளின்டனிடம் தோற்றும் போனார். மூத்த புஷ்ஷின் மகன் இளைய புஷ்ஷோ 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு முந்தைய வாரம் 51, இரண்டு வாரத்தில் 90. எதிர்க்கட்சிக்காரர்களும் சேர்ந்து தலையாட்டாமல் 90 வராது. ஐசன்ஹோவர் காலத்திலோ அதற்குப் போர்கூடத் தேவைப்படவில்லை. அவர் குடியரசுக் கட்சிக்காரர். எட்டு ஆண்டு சராசரி எடுத்தால் ஜனநாயகக் கட்சிக்காரர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் 'நன்றாகத்தான் செய்கிறார்' என்று சொல்லியிருக்கிறார்கள்.

டிரம்பின் முதல் பதவிக்காலத்தில் கேலப் கணக்கில் உச்சம் 49, அடிமட்டம் 34. நான்கு ஆண்டில் வெறும் 15 புள்ளி அசைவு. மூத்த புஷ்ஷுக்கு அது 60. டிரம்பின் மூன்றாம் ஆண்டுச் சராசரியைப் பிரித்தால் சொந்தக் கட்சியில் 89, எதிர்க்கட்சியில் 7. வேலை எப்படி என்று கேட்டால் இப்போது பலரும் 'நான் எந்தப் பக்கம்' என்றுதான் பதில் சொல்கிறார்கள்.

இதை நான் ஒரு பெட்ரோல் பங்கில் நேரில் பார்த்தேன். 2022 ஜூனில் ஒஹாயோவில் அக்கா மகன் வீட்டில் இருந்தேன். கேலன் ஐந்து டாலர் ஆன நேரம். பம்பில் விலை ஓடும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர்: பைடன் விலையை விரலால் சுட்டிக்காட்டுகிறார், 'நான்தான் இதைச் செய்தேன்' என்ற எழுத்துடன். யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள். முகம் பாதி போயிருந்தது, விரல் மட்டும் பத்திரமாக இருந்தது. எதிர் வீட்டு ஓய்வுபெற்ற பெரியவர், எல்லாம் அந்த ஆளால் வந்தது என்றார். அடுத்த வீட்டு ஆசிரியை, எண்ணெய்க் கம்பெனிகளின் கொள்ளைக்கு அதிபர் என்ன செய்வார் என்றார். திரும்பி வரும்போது அக்கா மகன் சொன்னான்: "நாலு வருஷத்துக்கு முன்னாடியும் விலை ஏறுச்சு மாமா. அப்போ டிரம்ப் அதிபர். டீச்சர் வசனத்தைப் பெரியவர் பேசினார், பெரியவர் வசனத்தை டீச்சர் பேசினாங்க."

பொருளாதாரம் பற்றிய கணிப்புகளிலும் இதே கூத்துதான். 2016 தேர்தல் முடிந்ததும் நாட்டின் பொருளாதாரம் பற்றிக் குடியரசுக் கட்சிக்காரர்களுக்குத் திடீர் நம்பிக்கை வந்துவிட்டது. அவர்கள் கட்சியின் டிரம்ப் அப்போது பதவியேற்கக்கூட இல்லை.

ஏன் இப்படி ஆனது என்று விரித்தால் விடிந்துவிடும். அன்றைய கட்சிகள் கதம்பமாக இருந்தன. தெற்கத்திப் பழமைவாதிகள் ஜனநாயகக் கட்சியில், வடகிழக்கின் தாராளவாதிகள் குடியரசுக் கட்சியில். இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964இன் குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிறகு மெல்ல மெல்லத் தரம் பிரிந்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு செய்தி சேனல். நமக்குச் சட்டென்று புரிகிற அளவுகோல் ஒன்று உண்டு: உங்கள் பிள்ளை மாற்றுக் கட்சி வீட்டில் கல்யாணம் செய்தால் வருந்துவீர்களா? 1960இல் இரண்டு கட்சியிலும் ஐந்து சதவீதம் பேருக்கு மேல் வருந்தவில்லை. 2010இல் குடியரசுக் கட்சியில் ஏறக்குறைய பாதி, ஜனநாயகக் கட்சியில் மூன்றில் ஒரு பங்கு. நமக்குச் சாதி எங்கே இருக்கிறதோ, அங்கே போய்க் கட்சி உட்கார்ந்திருக்கிறது.

சரி, உங்கள் அண்ணன் மகனின் 90க்கு வருகிறேன். எதில் 90 என்று அவனைக் கேளுங்கள். அங்கே கணிப்பு எடுப்பவர்கள் உறுப்பினர் அட்டையைப் பார்ப்பதில்லை. 'உங்களை எந்தக் கட்சிக்காரராக நினைக்கிறீர்கள்' என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்கிறார்கள். நூறு பேரில் 40 பேர் ஒரு கட்சி என்று வையுங்கள். அவர்களில் 34 பேர் அதிபரை ஏற்கிறார்கள்: 85 சதவீதம். மீதி ஆறு பேரில் நான்கு பேர் வெறுத்துப்போய் 'இனி நான் எந்தக் கட்சியும் இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். இப்போது 36க்கு 34, அதாவது 94 சதவீதம். புதிதாக ஒருவர்கூட வரவில்லை. நான்கு பேர் வெளியேறியதில் செல்வாக்கு ஒன்பது புள்ளி ஏறிவிட்டது! கட்சிக்குள் எடுக்கும் சதவீதம் கட்சி சுருங்கும்போதும் ஏறும்.

அதற்காக அது வெற்று எண் என்று உங்கள் மகளிடம் சொல்லிவிடாதீர்கள். அதிபரைக் காப்பாற்றுவது பல நேரம் அதுதான். 1974 ஆகஸ்டில், வாட்டர்கேட் ஊழலில் சிக்கியிருந்த அதிபர் நிக்சனின் மொத்த ஏற்பு 24 சதவீதம். சொந்தக் கட்சியிலேயே பாதிதான் மிச்சம். கோல்ட்வாட்டர் உள்ளிட்ட மூன்று குடியரசுக் கட்சித் தலைவர்கள் வெள்ளை மாளிகைக்குப் போய், பதவிநீக்கத்தை முடிவு செய்யும் மேல்சபையான செனட்டில் உங்களுக்கு ஆள் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். இரண்டே நாளில் பதவி விலகினார்.

2021 ஜனவரியில் டிரம்பின் மொத்த ஏற்பும் 34க்கு இறங்கியது. ஆனால் கட்சிக்குள் பெரும்பான்மை அவரோடு இருந்தது. அவர்மீதான பதவிநீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கீழ்சபையில் அவர் கட்சியினர் பத்துப் பேர் ஓட்டுப் போட்டார்கள். அடுத்த தேர்தலில் நான்கு பேர் போட்டியிடவே இல்லை. நான்கு பேர் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார்கள், லிஸ் செய்னி உட்பட. மிஞ்சியது இரண்டு பேர். கட்சிக்குள் இருக்கும் 90ஐக் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற, உறுப்பினர் பயத்தோடு பார்ப்பது இதனால்தான். அவருக்கு முதல் கண்டம் எதிர்க்கட்சியிடம் இல்லை, சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்தலில்தான்.

ஆக, அப்படிப்பட்ட அதிபர் காங்கிரஸில் தன் கட்சிக்காரர்களிடம் பலமானவர், நவம்பர் தேர்தலுக்குப் பலவீனமானவர். இரண்டும் ஒரே நாளில் உண்மையாக இருக்கலாம்.

உங்கள் மகளின் 41 விஷயத்தில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். இவ்வளவு கெட்டிப்பட்ட ஊரில் அது 43 ஆவதும் 39 ஆவதும் சின்ன விஷயம் இல்லை. 2020இல் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து பைடன் முந்தியது சுமார் 43 ஆயிரம் ஓட்டில். பதினைந்து கோடிக்கும் மேல் ஓட்டு விழுந்த தேர்தல் அது. அந்த மூன்றும் கைமாறியிருந்தால், மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் ஓட்டுகளில் இரண்டு பக்கமும் 269 என்று நின்றிருக்கும்; அதிபரை முடிவு செய்வது அந்த ஓட்டுகள்தான்.

குடும்பச் சண்டைக்கு என்னிடம் மருந்து இல்லை. 'எதில் 90' என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள்.

அன்புடன்.