கேள்வி – பதில்: ஆப்கானியரின் திருநாள்கள்

கேள்வி: ஆப்கானிஸ்தான் இஸ்லாமிய நாடு. அங்கே முஹர்ரம் முதல் நாள்தானே புத்தாண்டாக இருக்க வேண்டும்? மார்ச் 21-ஐ ஒட்டி ‘நவ்ரோஸ்’ என்ற புத்தாண்டு கொண்டாடுவதாகப் படித்தேன். இது எப்படி? (திருநெல்வேலி வாசகி)

பதில்: ஆப்கானியரின் வாழ்க்கையை இரண்டு நாட்காட்டிகள் நடத்துகின்றன. நோன்பும் பெருநாள்களும் சந்திரனைப் பார்த்து வருகின்றன. சந்திர ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள்களே என்பதால் அவை ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். உழவுக்கு இந்த ஓட்டம் ஒத்துவராது. விதைப்புக்கும் அறுவடைக்கும் சூரியன்தான் கணக்கு. ஆகவே நபிகள் நாயகத்தின் ஹிஜ்ரத்தை, அதாவது மக்காவிலிருந்து மதீனாவுக்கு அவர் இடம்பெயர்ந்ததைத் தொடக்கமாகக் கொண்டு, சூரியனின் போக்கைப் பின்பற்றும் மற்றொரு நாட்காட்டியும் அங்கே வழங்குகிறது. பகலும் இரவும் சமமாகும் வசந்த நாளில் அதன் முதல் மாதமான ஹமல் பிறக்கிறது. அந்த நாளே நவ்ரோஸ், அதாவது ‘புது நாள்’.

ஹமல் என்றால் ஆட்டுக்கடா, நம்முடைய மேஷம். அடுத்த மாதமான சவுர் ரிஷபம். நான்காவதான சரதான் கடகம். பன்னிரண்டு மாதங்களுக்கும் இப்படி ராசிகளே பெயர். நம் சித்திரையும் சூரியன் மேஷத்தில் புகும் நாளில்தான் பிறக்கிறது. அவர்கள் சம இரவு நாளை மேஷத்தின் தொடக்கமாகக் கொள்ள, நாமோ விண்மீன்களை வைத்து மேஷத்தைக் கணக்கிடுகிறோம். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் காலப்போக்கில் விலகிப்போன அந்த இரண்டு புள்ளிகளின் இடைவெளிதான், அவர்களுடைய புத்தாண்டுக்கும் ஏப்ரல் 14-க்கும் நடுவே உள்ள மூன்றரை வாரம். ஒரே வானத்தை இரண்டு விதமாக அளந்திருக்கிறோம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கேள்வி: ஈரானியர் கொண்டாடும் அதே நவ்ரோஸ்தானா இது? வீட்டில் என்ன செய்வார்கள்? (சேலம் வாசகர்)

பதில்: நாள் ஒன்று, வீட்டு வழக்கம் வேறு. ‘சீன்’ என்னும் பாரசீக எழுத்தில் (‘ஸ’ ஒலி) தொடங்கும் ஏழு பொருள்களை விரித்து வைப்பது ஈரானியர் மரபு. ஆப்கானியர் வீடுகளிலோ ‘ஹஃப்த் மேவா’, அதாவது ஏழு கனிகள். கிஸ்மிஸ், பச்சைத் திராட்சை வற்றல், உலர்ந்த ஆப்ரிகாட், பாதாம், பிஸ்தா, அக்ரூட், சிஞ்சித் என்னும் மாவுத்தன்மையுள்ள சிறு பழம் ஆகியவற்றைக் கழுவித் தண்ணீரில் ஊறவைப்பார்கள். வீட்டுக்கு வீடு பட்டியல் சிறிது மாறும். பருப்புகளின் தோலைப் பொறுமையாக உரித்தெடுப்பது பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் கூடி உட்கார்ந்து செய்யும் வேலை. சர்க்கரை சேர்ப்பதில்லை, பழங்களின் இனிப்பே இரண்டு மூன்று நாளில் தண்ணீரில் இறங்கிப் பாகாகிவிடும். வருகிற விருந்தினருக்கெல்லாம் அதைக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள்.

இதைவிட உழைப்பு மிகுந்தது ‘சமனக்’. கோதுமையை முளைகட்டி, முளை வளர்ந்ததும் இடித்துச் சாறு பிழிந்து, அதில் மாவும் நீரும் கலந்து பெரிய தேக்சாவில் இரவு முழுவதும் காய்ச்ச வேண்டும். கை ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும் என்பதால் அக்கம்பக்கத்துப் பெண்கள் முறைவைத்துக் கிளறுகிறார்கள். பாட்டும் தாயிரா என்னும் கைப்பறையும் விடியும்வரை கேட்கும். முளையிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடுவதால் இதற்கும் இனிப்புத் தனியாகத் தேவையில்லை. ஆண்கள் அருகே வராத அந்த ஓர் இரவு, வீட்டுக்குள்ளேயே வாழ்நாளைக் கழிக்கும் பல பெண்களுக்கு எத்தனை பெரிய திருவிழா என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிச்சயமான பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் இந்நாளில் புத்தாடையும், பொரித்த மீனும் ஜிலேபியும் அனுப்புவார்கள். மீனுக்கு ஜிலேபி துணையா என்று நமக்குத் தோன்றலாம். காபூலில் அது பிரிக்க முடியாத இணை.

கேள்வி: மஸார்-இ-ஷரீஃபில் கொடியேற்றம் உண்டாமே? இப்போதும் நடக்கிறதா? (நாகூர் வாசகர்)

பதில்: வட ஆப்கானிஸ்தானின் மஸார் நகரிலுள்ள நீல மசூதியில், நபிகள் நாயகத்தின் மருமகனான ஹஸ்ரத் அலி அவர்கள் அடங்கியிருப்பதாக அவ்வூர் மக்கள் நம்புகிறார்கள்; அவருடைய அடக்கத்தலம் ஈராக்கின் நஜஃபில் உள்ளது என்பதே முஸ்லிம்களில் பெரும்பாலோரின் கருத்து. நவ்ரோஸ் அன்று அங்கே ‘ஜண்டா’ என்னும் நெடிய கொடிமரத்தைத் திரண்ட கூட்டத்துக்கு நடுவே நிமிர்த்துவது வழக்கமாக இருந்தது. அது 40 நாள் நிற்கும். நோயாளிகள் அதைத் தொட்டு வேண்டிக்கொள்வார்கள். அதே நாள்களில் பல்க் சமவெளியில் காட்டுத் துலிப் மலர்கள் செக்கச்செவேலென்று விரிவதால் விழாவுக்கு ‘குலே சுர்க்’, அதாவது செம்மலர் விழா என்று பெயர். கொடியேற்றத்துக்குப் பழகிய நாகூர்க்காரராகிய உங்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

1996 முதல் 2001 வரையிலான முதல் ஆட்சியில் தாலிபான்கள் நவ்ரோஸைத் தடை செய்தார்கள். 2021-இல் மீண்டும் ஆட்சியைப் பிடித்த பின்பு, 2022-ஆம் ஆண்டு முதல் அதற்கு அரசு விடுமுறை இல்லை. அரசு நடத்தும் விழாவும் இல்லை. இதே நவ்ரோஸை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2016-இல் யுனெஸ்கோ விரிவாக்கிச் சேர்த்தபோது ஆப்கானிஸ்தானும் அதில் இடம்பெற்றிருந்தது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வீடுகளில் மட்டும் ஹஃப்த் மேவா ஊறிக்கொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: பெருநாள் வழக்கங்கள் நம் ஊரைப் போன்றவைதானா? (கீழக்கரை வாசகி)

பதில்: தொழுகை, புத்தாடை, உறவினர் வீடு, குர்பானி எல்லாம் ஒன்றே. நோன்புப் பெருநாளைப் பஷ்தோ மொழி பேசும் பஷ்தூன்கள் ‘சிறிய அக்தர்’ என்றும், ஹஜ்ஜுப் பெருநாளைப் ‘பெரிய அக்தர்’ என்றும் சொல்வார்கள். நமக்குப் புதிதாக இருப்பது முட்டைச் சண்டை: அவித்துச் சாயமிட்ட முட்டைகளை இருவர் மோதவிட, எவருடைய முட்டை உடைகிறதோ அவர் தோற்றவர். சிறுவர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் விடாமல் ஆடுகிறார்கள்.

கேள்வி: ஆப்கானிஸ்தானை யாரும் அடிமைப்படுத்தவில்லை என்கிறார்களே, பிறகு எதற்குச் சுதந்திர தினம்? (கோவை வாசகர்)

பதில்: நாட்டை ஆண்டவர்கள் ஆப்கானிய அமீர்கள்தாம். ஆனால் 1879-இல் கையெழுத்தான கந்தமக் உடன்படிக்கைக்குப் பின் வெளியுறவு பிரிட்டிஷார் கைக்குப் போய்விட்டது. 1919-இல் அமீர் அமானுல்லா கான் போர் தொடுத்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 8-இல் ராவல்பிண்டியில் உடன்பாடு கண்டு அந்த உரிமை மீண்டது. ஆகஸ்ட் 19 அதன் நினைவு நாள். மன்னராட்சிக் காலத்தில் ‘ஜஷன்’ என்ற பெயரில் காபூலில் பல நாள் நடந்த இவ்விழாவில், முரசு வேகமெடுக்க எடுக்கச் சுழன்றாடும் அத்தன் ஆட்டம் முக்கியமானது. ஆட்சிகள் மாறும்போதெல்லாம் வெற்றி நாள்களும் மாறியிருக்கின்றன: சோவியத் ஆதரவு ஆட்சியை 1992-இல் வீழ்த்திய முஜாஹிதீன்களுக்கு ஏப்ரல் 28, இப்போதைய ஆட்சியாளருக்கு ஆகஸ்ட் 15. எல்லாரும் மதித்துவந்த தேசிய நாள் ஆகஸ்ட் 19 ஒன்றுதான் என்பது என் கருத்து.

கேள்வி: மதமோ அரசோ சாராத விழா ஏதேனும் உண்டா? (புதுச்சேரி வாசகி)

பதில்: உண்டு, அதற்குத் தேதி கிடையாது. ‘காபூல் பொன்னின்றி இருக்கலாம், பனியின்றி இருக்கலாகாது’ என்பது அவர்கள் பழமொழி. மலையில் உறையும் பனி உருகி வந்தால்தான் கோடையில் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும். ஆகவே ஆண்டின் முதல் பனி விழுந்த காலையில், ஒருவர் நண்பர் வீட்டுக்குச் சீட்டு ஒன்றை அனுப்புவார். இதற்கு ‘பர்ஃபி’ என்று பெயர் (‘பர்ஃப்’ என்றால் பனி). சீட்டை வாங்கிவிட்டவர் அனுப்பியவருக்கு விருந்து வைத்தாக வேண்டும். கொண்டுவந்தவரை ஓடுவதற்குள் பிடித்துவிட்டாலோ விருந்துச் செலவு அனுப்பியவர் தலையில் விழும். அதனால் முதல் பனி நாளில் காபூல்வாசிகள், கதவைத் தட்டுவது யாரென்று கேட்டு உறுதிசெய்த பிறகே திறக்கிறார்கள்.