கேளுங்கள், சொல்கிறேன்: ஐம்பதில் மறுபடி கயிறு பிடிக்கலாமா?

கேள்வி: எண்பதுகளில் அப்பா எங்களைச் சிங்கப்பூரின் பொங்கோல் கடற்கரைக்கு அழைத்துப் போவார். வாடகைப் படகின் பின்னால் நீர்ச்சறுக்கு பழகினேன். பன்னிரண்டு வயதில் ஒற்றைப் பலகையில்கூடப் போவேன். அப்புறம் படிப்பு, வேலை, பிள்ளைகள் என்று எல்லாம் விட்டுப்போயிற்று. சென்ற மாதம் மகன் வேக்போர்டிங் (ஒரே அகலப் பலகையில் பக்கவாட்டில் நின்று படகின் பின்னால் சறுக்குவது) போனபோது கரையில் நின்று பார்த்தேன், கை துறுதுறுவென்றது. எனக்கு வயது 50. இறங்கலாமா? "முட்டி போயிடும்" என்கிறார் கணவர்.
— வாசகி, பிடோக்

பதில்: தாராளமாக இறங்கலாம், சகோதரி. பொங்கோல் என்றதும் எனக்கு மிளகாய் நண்டு வாசம்தான் முதலில் வருகிறது. சரி, அது வேறு கதை.

வீட்டுக்காரர் முட்டியைச் சொல்கிறார். நான் அதைவிடத் தொடையின் பின்பக்கத் தசைக்குத்தான் பயப்படுவேன். தண்ணீரிலிருந்து எழும்பும் அந்தச் சில விநாடிகளில் கால் நீட்டியபடி இருந்து, உடம்பு முன்னால் மடங்கினால், அந்தத் தசை இடுப்பெலும்போடு சேரும் இடத்திலேயே அறுந்துவிடலாம். சின்ன வயதில் இந்தக் கவலை இல்லை. உடம்பு லேசு, படகு இழுத்ததும் தக்கை மாதிரி மேலே வந்துவிடும்.

அதனால் இறங்குமுன் உடம்பைச் சூடுபடுத்திக்கொள்ளுங்கள். தண்ணீரில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் குந்தியிருங்கள். கை நேராக இருக்கட்டும். பலகை நுனிகள் தண்ணீருக்கு மேலே, அவற்றின் நடுவே கயிறு. படகு கிளம்பியதும் ஒன்றுமே செய்யாதீர்கள். பெரியவர்களுக்கு இதுதான் சிரமம்! நாமாக எழுந்து நிற்கப் பார்ப்போம், கைப்பிடியை நெஞ்சுக்கு இழுப்போம், தொபுக்கடீரென்று விழுவோம். பலகை தண்ணீர்மேல் ஏறிச் சறுக்கத் தொடங்கிய பிறகு மெல்ல நிமிர்ந்தால் போதும்.

ஒற்றைப் பலகை ஆசையைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். இரட்டைப் பலகை கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வேக்போர்டு படகில் பெரிய அலை எழும்பத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பிப் பாரம் ஏற்றுவார்கள். நமக்கு அந்த அலை ஆகாது. தொட்டியைக் காலி செய்யச் சொல்லுங்கள். மகன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சைகைகள் மறந்திருக்காது: கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை. விழுந்தால் கைப்பிடியை உடனே விட்டுவிடுங்கள். மற்றப் படகுகளுக்குத் தெரிய ஒரு பலகையைத் தண்ணீருக்கு மேல் நிமிர்த்திப் பிடியுங்கள்.

முதுகிலோ முட்டியிலோ ஏற்கெனவே தொந்தரவு இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அப்படித் தொந்தரவு எதுவும் இல்லையென்றால் பயமில்லை; மறுநாள் முன்கை வலிக்கும், காப்பிக் குவளை கனக்கும். அவ்வளவுதான்.

கேள்வி: இந்த நீர்ச்சறுக்கு விளையாட்டு யார் மூளையில் உதித்தது?
— வாசகர், ஈசூன்

பதில்: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன். 1922இல் பெப்பின் ஏரியில் பீப்பாய்ப் பலகையைக் கட்டிப் பார்த்தான். பனிச்சறுக்குப் பலகையையும் முயன்றான். இரண்டுமே அமிழ்ந்தன. பிறகு அகலமான பலகைகளை வாங்கி, நுனியை அம்மாவின் பாத்திரத்தில் வேகவைத்து வளைத்தான். அண்ணன் படகு ஓட்டினார். பின்னால் சாய்ந்து, நுனியைத் தண்ணீருக்கு மேலே நிறுத்திய பிறகுதான் அவனாலும் எழும்ப முடிந்தது. பிடோக் சகோதரி கவனிக்க! ஆனால் அவன் காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. 1925இல் நீர்ச்சறுக்குப் பலகைக்குக் காப்புரிமை பெற்றவர் ஃபிரெட் வாலர். பின்னாளில் சினிரமா அகலத்திரையைக் கொண்டுவந்தவரும் அவரேதான்.