ஒரு நாளைக்கு எட்டு சொல் போதும்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் தினமும் ஐம்பது ஆங்கிலச் சொற்களை உருப்போடுகிறாள், ஞாயிற்றுக்கிழமை கேட்டால் பத்துகூடத் தேறுவதில்லை என்கிறீர்கள். ஞாபகசக்தி டானிக்கெல்லாம் வேண்டாம். கோளாறு படிக்கும் முறையில்தான்.

எந்தத் தேர்வுக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள். ஒரே பொருள் தரும் சொல், எதிர்ச்சொல், மரபுத்தொடர் நேரடியாகவே வரும். எம்.பி.ஏ. சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வின் ஆங்கிலப் பகுதியில் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதுதான் பெரும்பகுதி. வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ.யில் எதிர்ச்சொல் கேள்வியை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதற்கு முந்தைய கைடுகளை வாங்கிவிடாதீர்கள்.

அடுத்து அஸ்திவாரம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 3000 சொல் பட்டியல் இணையத்தில் இலவசம். அதில் கண்ணை மூடிக்கொண்டு இருபது சொல் தொடச் சொல்லுங்கள். நான்கைந்து தெரியவில்லை என்றால் உயர்நிலைச் சொற்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை. தெரிந்தால், அதே அகராதியின் 5000 பட்டியலில் கூடுதலாக உள்ள 2000-க்குப் போகலாம். பாடப்புத்தகத்துக்கு, ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட 570 சொற்குடும்பங்களின் (ஒரே வேரிலிருந்து வரும் சொற்கள் ஒரு குடும்பம்) பட்டியல் நன்றாகக் கைகொடுக்கும்.

தினமும் எட்டு புதுச் சொல், அதற்கு எட்டு கார்டு. 'மிட்டிகேட்' (mitigate) என்பதற்கு 'குறை' என்று மட்டும் எழுதிவைத்தால், நாளைக்கு 'ஐ மிட்டிகேட்டட் மை வெயிட்' என்று எழுதிவிடுவாள். அந்தச் சொல் ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட் போன்றவற்றோடுதான் சேரும். உடம்பு எடையோடு சேராது. ஆகவே முன்பக்கம் ஒரு வாக்கியம், சொல் வரும் இடத்தில் கோடு, முதல் எழுத்து மட்டும். ஏற்காடு மலைப்பாதையில் தடுப்புச்சுவர்கள் மண்சரிவு அபாயத்தைக் குறைக்கின்றன என்பதையே ஆங்கிலத்தில் எழுதலாம். தெரிந்த இடம் சீக்கிரம் மனதில் நிற்கும். பின்பக்கம் சொல், அதோடு சேரும் இரண்டு சொற்கள், தமிழ்ப் பொருள். உச்சரிப்பைத் தமிழில் எழுத வேண்டாம். முதுகு என்ற பேக்குக்கும் மூட்டை கட்டும் பேக்குக்கும் நம்மிடம் ஒரே 'ப'தான். அகராதியின் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தி, கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும்.

எழுதிய கார்டை 1, 3, 7, 30-ஆம் நாட்களில் எடுத்துப் பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் வாசிப்பதல்ல. பின்பக்கம் திருப்பாமல் விடை சொல்வது. தவறினால் அந்தக் கார்டு மறுபடி முதல் நாளுக்குப் போகும். ஒரு மாதத்துக்குப் பிறகு தினமும் சுமார் 32 கார்டு சேரும், கால் மணி நேர வேலை. ஆர்வத்தில் புதுச் சொல்லை 25 ஆக்கினால் அது நூறாகிவிடும். அநேகம் பேர் கைவிடுவது இங்கேதான்.

கார்டு மட்டும் போதாது. தினமும் ஒரு ஆங்கிலத் தலையங்கம். நூறு சொல்லில் இரண்டு மூன்றுக்கு மேல் தெரியவில்லை என்றால் தலையங்கத்தை விட்டுவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்கு வரட்டும், தப்பில்லை. புதுச் சொற்களை அங்கிருந்தே எடுப்பது பட்டியலிலிருந்து எடுப்பதைவிட நல்லது.

ஐந்து ரோடு பக்கம் வகுப்பில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாரம் எத்தனை பத்தி எழுத வைத்துத் திருத்தித் தருவார்கள் என்று விசாரியுங்கள். அச்சடித்த மெட்டீரியல் மட்டும்தான் என்றால் பணத்தைக் கட்டாதீர்கள்.

உங்களுக்கு ஆங்கிலம் வராதே என்று ஒதுங்க வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கார்டுக்கட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பக்கத்தைக் காட்டி மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அதற்குள் விடை வராத கார்டைத் தனியாக வைத்து, மறுநாள் காலை அவளிடம் கொடுங்கள்.