டர்பன் வேலைப் படிவத்தில் ‘இந்தியர்’ கட்டம்

தம்பி, “தென்னாப்பிரிக்கா டர்பன்ல வேலைக்குச் சேர்றப்போ இனம் கேக்கறாங்களாமே, அங்கேயே பொறந்த தமிழருங்க மாதிரி நானும் ‘இந்தியர்’னு டிக் போட்டா சலுகை கிடைக்குமா?”னு அம்மாப்பேட்டையிலிருந்து கேட்டிருக்கீங்க.

டிக் போடலாம், சலுகை கிடைக்காது. அதே படிவத்துல வெளிநாட்டவரான்னு கேக்கற வரியையும் நிரப்புங்க. அதை விட்டுட்டா கம்பெனி உங்களை உள்நாட்டுக் கணக்குல சேர்த்துடும், தணிக்கையில மாட்டும். 1998 சட்டப்படி சலுகை, நிறவெறி ஆட்சியில உரிமை இழந்த ஆப்பிரிக்கர், ‘கலர்டு’ங்கற கலப்பு வம்சத்தார், இந்தியருக்கு. 1994 ஏப்ரல் 27, எல்லாரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல், வெளியிலிருந்து வந்தவங்க குடியுரிமை வாங்கியிருக்க அதுதான் எல்லைக்கோடு. இப்போ போற நீங்க பின்னாடி குடியுரிமை வாங்கினாலும் இதுல மாற்றமில்லை.

இனவாரியா ஆளைப் பதிஞ்சது 1950 சட்டம். வேர் இன்னும் பழசு. 1652-ல கேப் டவுன்ல இறங்கின டச்சுக் கம்பெனி வங்காளம், சோழமண்டலக் கரை, மடகாஸ்கர், ஜாவாவிலிருந்தெல்லாம் அடிமைகளைக் கொண்டுவந்துச்சு. பலருக்கு மாசப் பேரையே வெச்சாங்க. ஆபீஸ்ல ‘செப்டம்பர்’னு குடும்பப் பேரு இருந்தா சிரிச்சுடாதீங்க. அடிமை முறை 1834-ல சட்டத்துல ஒழிஞ்சுது. டர்பன் இருக்கற நேட்டால் பகுதியோட கரும்புத் தோட்டத்துக்கு மலிவா ஆள் வேணும்னு 1860 நவம்பர் 16-ல மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் வந்துச்சு. 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேர். சேலம் ஜில்லாக்காரங்களும் உண்டு. அஞ்சு வருஷ ஒப்பந்தம். முடிச்சும் ஊர் திரும்பாதவங்களுக்கு, 1895 சட்டம் வருஷத்துக்கு 3 பவுண்டு (பிரிட்டிஷ் பணம்) வரி போட்டுச்சு. இந்தியரை நிரந்தரக் குடிகளா அரசு ஏத்துக்கிட்டதே 1961-லதான். அதனால “எப்போ இந்தியாவிலிருந்து வந்தீங்க?”னு அங்கேயே பொறந்த இந்தியரைக் கேக்காதீங்க, சுள்ளுனு கோபம் வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1984 நாடாளுமன்றத்துல வெள்ளையர், கலர்டு, இந்தியருக்குத் தனித்தனி அவை, ஆப்பிரிக்கருக்கு ஒண்ணுமில்லை. நடுப்படியில நின்னவங்க மேல அந்தப் பக்கத்து ஆப்பிரிக்கரான ஜூலு மக்களுக்கு இருக்கற மனக்குறை அதிலிருந்தும் வருது. இந்தியர் முகம்னாலே அந்தக் கணக்கு உங்க தலையிலும் விழும்.

ரெண்டு வார்த்தையை ஊர்லயே விட்டுட்டுப் போங்க. நமக்குக் ‘கூலி’ சம்பளம், அங்கே இந்தியரைத் திட்டற சொல். ஆப்பிரிக்கரைச் சொல்ற ‘காப்பிரி’ அதைவிட மோசம். அதோட ஆங்கில வடிவத்தைச் சொல்லி ஜெயிலுக்குப் போனவங்க உண்டு.

அங்கே ‘கோவெண்டர்’ங்கற குடும்பப் பேருன்னா நம்ம கவுண்டர்தான், பதிவு குமாஸ்தா காதுல விழுந்த மாதிரி எழுதினது. யாராவது பூர்வீக ஊரைத் தேடித் தரச் சொன்னா, பாட்டன் கப்பல் பதிவு எண்ணைக் கேளுங்க. அதுல ஜில்லா, கிராமம், தகப்பன் பேர் இருக்கும். ஊர்ப் பேரைக் கண்ணால படிக்காம, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க.