காப்புறுதிக்குப் பணம் கட்டுவதா, கான் வெட்டுவதா?

கந்தப்பளை வாசகர் கேட்பது இது: தோட்டத்துக்குச் சொந்தமான அரை ஏக்கர் சரிவில் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் போடுகிறார். இரண்டு போகமாக அடைமழை பாத்திகளைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. பயிர்க் காப்புறுதி கைகொடுக்குமா?

ஓரளவுக்குக் கைகொடுக்கும். ஆனால் கானை, அதாவது மழைநீர் வடியும் வாய்க்காலை, முதலில் வெட்டுங்கள். காப்புறுதி பார்ப்பது நீங்கள் போட்ட செலவைத்தான். சந்தையில் கிடைத்திருக்கக்கூடிய விலையையோ அடித்துக்கொண்டு போன மண்ணையோ அது கணக்கில் எடுக்காது. 2018இல் இலங்கை அரசு தொடங்கிய இலவசக் காப்புறுதித் திட்டம் நெல், சோளம், சோயா, மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகிய ஆறு பயிர்களுக்குத்தான். அப்போது ஏக்கருக்கு உச்ச நட்டஈடு 40,000 ரூபா, அதாவது உங்கள் அரை ஏக்கர் முழுக்கக் கிழங்கு போட்டாலும் 20,000. வரிசைக்கு வரிசை 60, செடிக்குச் செடி 25 சென்ரிமீற்றர் விட்டு நட்டால் விதைக்கிழங்கே 450 கிலோ வரை வேண்டும். இன்றைய விதை விலையைப் பெருக்கிப் பாருங்கள், எவ்வளவு துண்டு விழுகிறது என்று தெரியும். ஆகவே இலவசத் திட்டத்துக்கு மேல் கையிலிருந்து தவணைப்பணம் கட்டுவதாக இருந்தால் கிழங்குக்குக் கட்டுங்கள். லீக்ஸும் கரட்டும் அந்த இலவசப் பட்டியலில் இல்லை. இப்போதைய தொகையைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாத்தி ஏன் கழுவுப்படுகிறது? கொத்த வசதி, தண்ணீரும் நிற்காது என்று மேலிருந்து கீழாகப் பாத்தி பிடிக்கிறோம். மழைநீர் அதே வழியில் வேகமெடுத்து இறங்குகிறது. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே திருப்ப வேண்டும். அதற்குக் கண்மதிப்பு போதாது.

மட்டம் பார்க்க ஒரு சட்டம் செய்யுங்கள்: A வடிவில் இரண்டு கம்புகளை உச்சியில் கட்டி, கால்களை 2 மீற்றர் அகட்டி, நடுவில் குறுக்குக் கம்பு அடியுங்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இரண்டு இடங்களில் காலை ஊன்றி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி ஊன்றி மறுபடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுதான் மட்டம். இனி ஒரு காலின் அடியில் 2 சென்ரிமீற்றர் உயரக் கட்டை அடியுங்கள். அந்தக் காலைத் தண்ணீர் போகும் பக்கம் வைத்து நூல் நடுக்குறியில் நின்றால், நூற்றுக்கு ஒன்று இறக்கம். அப்படியே முளை அடித்துக்கொண்டு போய், அந்தக் கோட்டில் கான் வெட்டி, மண்ணைக் கீழ்ப்பக்கம் போட்டு, அதன்மேல் வெட்டிவேர் நடுங்கள்.

பிழை நேரும் இடம் கானின் முடிவு. ஓடைவரை கொண்டுபோய் வாயில் கல் அடுக்காமல் விட்டால், சேர்ந்த தண்ணீர் முழுவதும் ஒரே இடத்தில் உடைத்து, பழைய சேதத்தைவிடப் பெரிய பள்ளத்தைப் பறிக்கும். நிலத்தில் வெடிப்போ புதிய ஊற்றோ தெரிந்தால் கான் வெட்டவே வேண்டாம். 2025 நவம்பர் டித்வா புயலில் மலையகத்தில் எத்தனை சரிவுகள் இறங்கின என்று பார்த்தோம். முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

நட்டஈடு தவறிப்போவதற்குப் பெரிய காரணம் அவசரம். மதிப்பிட வருபவர் பார்ப்பதற்கு முன்னமே அழிந்த பாத்தியைக் கொத்தி மறுபடி நட்டுவிட்டால், காட்ட ஒன்றும் மிஞ்சாது. சேதம் நடந்த உடனேயே அறிவியுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் உள்ள நாள் கெடுவை நடுகைக்கு முன்பே வாசித்து வையுங்கள். விதை, உரப் பற்றுச்சீட்டுகளையும் திகதியோடு எடுத்த படங்களையும் ஒன்றாக வையுங்கள்.

உங்கள் பெயரில் உறுதிப்பத்திரம் இல்லாத காணி என்பதால், நீங்கள்தான் பயிரிடுகிறீர்கள் என்று தோட்ட நிர்வாகத்திடமும் கிராம உத்தியோகத்தரிடமும் கடிதம் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதம் பதிவுக்குப் போதுமா என்பதைத் தவணைப்பணம் கட்டுமுன் கமநல சேவை நிலையத்தில் உறுதிப்படுத்துங்கள்.