இங்கிலாந்தில் பழைய வீட்டுப் படிக்கட்டை ஓக் மரத்தில் மாற்ற எவ்வளவு செலவாகும்?

லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கம் மட்டும் பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியது) எங்களுடையது. 2023இல் படிக்கட்டு வேலை செய்தோம், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இருந்ததை முழுதாகக் கழற்றிவிட்டுப் புதிய ஓக் படிக்கட்டு வைக்க எங்களுக்கு வந்த கொட்டேஷன்கள், வாட் வரி 20 சதவீதத்தையும் சேர்த்து, 5,500 பவுண்டில் தொடங்கி 9,000ஐத் தாண்டிப் போயின. பழைய படிக்கட்டின் மரச்சட்டத்தை அப்படியே விட்டு, மேலே ஓக் பொருத்திக்கொண்டதில் எங்களுக்கு 2,600 பவுண்டு ஆனது.

இணையத்தில் மரத்தின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். 13 படி உள்ள நேரான ஓக் படிக்கட்டு ஒன்று அப்போது 2,000 பவுண்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. பணம் போவது மற்ற வேலைகளில். இந்தப் பழைய வீடுகளில் படிக்கட்டைச் சுவரோடு சேர்த்து அடித்து, அடிப்பக்கம் ப்ளாஸ்டர் பூசி, கீழே ஒரு அலமாரியும் கட்டியிருப்பார்கள். கரண்ட் மீட்டரும் காஸ் மீட்டரும் பெரும்பாலும் அந்த அலமாரிக்குள்தான். கழற்றினால் ப்ளாஸ்டர், பெயின்ட், ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஓடும் பலகை), குப்பை அள்ளிப் போக ஸ்கிப் என்னும் பெரிய தொட்டி என்று வரிசையாக வரும். அலமாரியின் உட்புறத்தில் ஆஸ்பெஸ்டாஸ் பலகை இருக்கவும் வாய்ப்புண்டு. இங்கே அது முழுதாகத் தடை செய்யப்பட்டது 1999இல்தான். அதனால் கை வைப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். பாத்ரூம் மாடியில் மட்டும் இருக்கும் வீட்டில், படிக்கட்டு இல்லாத அந்த ஒரு நாள், இரண்டு நாளை வயதானவர்களை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்பது எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது.

முழு மாற்றம் என்றால் கட்டட விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கன்ட்ரோலுக்கும் சொல்ல வேண்டும், அதற்குக் கட்டணம் தனி. வீட்டுப் படிக்கட்டுக்கு ஒரு படியின் உயரம் 220 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 220க்குக் குறையக் கூடாது, சரிவு 42 டிகிரிக்குள் இருக்க வேண்டும், கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே 100 மில்லிமீட்டர் பந்து நுழையக் கூடாது. பழையதை அதே இடத்தில் மாற்றும்போது ஓரளவு விட்டுக்கொடுப்பார்கள், ஆனால் முன்பு இருந்ததைவிட மோசமாக்க முடியாது. செங்குத்தான படிக்கட்டைச் சரிவு குறைத்துக் கட்ட ஹாலில் நீளம் வேண்டும். நீளம் இல்லையென்றால் மூலையில் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பத்துப் படிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து வெட்டுவதால் விலை ஏறுகிறது.

எங்கள் தச்சர் அலமாரிக்குள் புகுந்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, சட்டம் திடமாக இருக்கிறது, ஆப்புகள்தான் தளர்ந்திருக்கின்றன, கிறீச் சத்தம் அதனால்தான் என்றார். அவற்றைப் பசை போட்டு இறுக்கிவிட்டு, மிதிக்கும் பலகைகளின் மேல் 15 மில்லிமீட்டர் ஓக் பலகை பொருத்தினார். கைப்பிடி, தூண்கள், அவற்றுக்கு இடையில் நிற்கும் கம்பிகளான ஸ்பிண்டில்கள் எல்லாம் புதிய ஓக். படிகளின் செங்குத்துப் பக்கத்துக்கு வெள்ளைப் பெயின்ட்தான், அங்கே ஓக் போடுவது வீண் செலவு. ஆளுக்கு நாள் கூலி 250 பவுண்டு.

இந்த வழியில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எல்லாப் படிக்கும் 15 மில்லிமீட்டர் கூட்டினால் நடுப்படிகளின் உயரம் மாறாது. ஆனால் முதல் படி 15 கூடும், கடைசிப் படி 15 குறையும். 190 இருந்த இடத்தில் கீழே 205, மேலே 175. இருட்டில் இறங்குகிறவர் தடுக்கி விழ அது போதும். கீழ் ஹாலிலும், படி முடியும் மேல் லாண்டிங்கிலும் அதே கனத்துக்குத் தரை போட்டால் சரியாகிவிடும். எங்களுக்கு எப்படியும் தரை மாற்ற வேண்டியிருந்ததால் பொருந்தியது, அந்தச் செலவு மேலே சொன்ன 2,600இல் சேராது. நீங்கள் தரையைத் தொடப் போவதில்லை என்றால் இதை முதலிலேயே தச்சரிடம் பேசிவிடுங்கள்.

அப்புறம், கொட்டேஷனில் 'ஓக் படிக்கட்டு' என்று இருந்தால் எந்தெந்தப் பாகம் முழு மரம் என்று எழுதி வாங்குங்கள். பக்கச் சட்டங்கள் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மேல் மெல்லிய ஓக் தோல் ஒட்டியதாக இருந்தால் பரவாயில்லை. மிதிபலகை அப்படி இருக்கக் கூடாது, தேய்ந்தபின் இழைத்துப் புதுப்பிக்க முடியாது. கணு தெரியும் ரஸ்டிக் ரகம், கணு இல்லாத பிரைம் ரகத்தைவிட மலிவு. பலத்தில் குறை இல்லை, எனக்கு அதுதான் அழகாகவும் படுகிறது. பலகை வந்ததும் உடனே அடிக்க விடாதீர்கள். ஹீட்டர் ஓடும் வீட்டின் காற்றுக்கு அது சில நாள் பழகட்டும், இல்லையென்றால் பிறகு சுருங்கி இடைவெளி விடும்.

பாலிஷ் போடும் முன் ஸ்டீல் உல் என்னும் இரும்பு நார் வைத்துத் தேய்க்கவே கூடாது. ஓக்கில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அதிகம், இரும்புத் துகளும் ஈரமும் சேர்ந்தால் கருநீலக் கறை பிடிக்கும். நாங்கள் வார்னிஷுக்குப் பதில் மெழுகு கலந்த ஹார்ட்வாக்ஸ் எண்ணெய் பூசினோம், கீறல் விழுந்த இடத்தில் மட்டும் திரும்பப் பூசிக்கொள்ளலாம். ஆனால் நம் வீடுகளில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிருக்குச் சாக்ஸோடு நடப்போம், வெறும் ஓக் வழுக்கும். பெரியவர்கள் இருந்தால் படிகளின் நடுவில் நீளவாக்கில் ஒரு கார்பெட் பட்டை (ரன்னர்) ஓட்டுவதற்கும் பணம் ஒதுக்குங்கள். இவ்வளவு செலவு செய்து மரத்தைப் போட்டுவிட்டு அதைக் கார்பெட்டால் மூடுவதா என்று என் கணவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஸ்பிண்டிலுக்குப் பதில் கண்ணாடி வேண்டுமென்றால் செலவு இன்னும் கூடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கைரேகை துடைக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.